சீனிமுத்து கட்டிய மாடிப்படி

செக்கடித் தெருவில் சண்முகத்தாய் வீட்டு மாடிப்படி தன்னால் வளர்கிறது என்று தெரிய வந்த அன்று தெருக்குழாயில் தண்ணீர் வருகிற முறை நாள், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குடம் நிரம்பட்டும் வந்து பார்க்கிறோம் என்றார்கள் பெண்கள், குடம் நிரம்பியதும் உலை வைத்துவிட்டு வருகிறோம் என்றார்கள், உலை கொதித்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பாதித் தெருவை அள்ளிக்கொண்டு போன பிறகு, மிஞ்சினவர்கள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றபோது, படி அதன்பாட்டுக்கு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கீழேயிருந்து பார்க்க எல்லார் வீட்டு மாடிப்படியும் போலத்தான் இருந்தது. ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அந்தப் படி எதற்காக வந்தது என்று சொல்லாமல் அது வளர்ந்த கதையை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி சண்முகத்தாய், நல்லசிவத்தின் பெண்டாட்டி. இன்னொருத்தி ஆவுடையம்மாள், நல்லசிவத்தின் அக்கா. ஆவுடை கல்யாணமாகிப் போன வருஷமே ஆடிச் சீருக்கு அழைத்து வந்தார்கள், ஆவணியில் திரும்பக் கூட்டிப்போக மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரவேண்டும், ஆள் வரவில்லை, அடுத்த ஆவணியிலும் வரவில்லை, அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஆவணியை எதிர்பார்க்கவில்லை. சண்முகத்தாய் வாழவந்தபோது அடுப்படி ஏற்கனவே ஆவுடையின் கையில் இருந்தது. ஒரு அடுப்பு, இரண்டு கை. புளி எவ்வளவு, தேங்காய் எவ்வளவு, யார் சட்டி முதலில் ஏறுவது என்று தொடங்கிய சண்டை பேச்சு நின்றதில் போய் முடிந்தது. அதன்பிறகு இரண்டு பேரும் எதுவானாலும் நல்லசிவத்திடம் சொல்வார்கள். "உப்பு தீந்துபோச்சுன்னு அவகிட்டச் சொல்லுடே" என்று அக்கா சொல்வாள், இரண்டடி தள்ளி நிற்கிற பெண்டாட்டிக்கு அவர் அதைத் திருப்பிச் சொல்வார். பருத்திக் கடையில் எடை போடுகிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தாலும் இரண்டு தட்டுக்கும் நடுவில் முள்ளாக நின்றே காலத்தைக் கழித்துவிட்டு, போன சித்திரையில் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறின பிறகுதான் இரண்டு பெண்களுக்கும் விளங்கியது, இனிமேல் பேச நடுவில் ஆள் இல்லை என்று. கொஞ்சநாள் ஆவுடை சுவரைப் பார்த்துப் பேசினாள், சண்முகத்தாய் சட்டியைப் பார்த்துப் பதில் சொன்னாள். சட்டிக்கும் சுவருக்கும் எவ்வளவுதான் பொறுமை இருக்கும். ஒருநாள் காலையில் இரண்டு குழம்பும் ஒரே நேரத்தில் அடுப்புக்கு வந்தபோது, மேலே சும்மா கிடக்கிற ரூம்புக்கு ஒரு படி கட்டினால் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் செத்துப்போகலாம் என்று ஆவுடை சுவரிடம் சொன்னாள். கட்டினால் போச்சு என்று சண்முகத்தாய் சட்டியிடம் சொன்னாள். மாடியில் நல்லசிவம் எப்போதோ எழுப்பிய அறை ஒன்று இருந்தது, படி கட்டுவதற்குள் அவருக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். படி சந்துப்பக்கம் வெளியே இருக்க வேண்டும், மேலே போகிறவள் கீழ்வீட்டு வாசலை மிதிக்காமல் போக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே மனசு. சண்முகத்தாய்க்கு வேறு பெரிய ஆசை கிடையாது. சாவதற்குள் தனக்கென்று ஒரு அடுப்படி வேண்டும், அதில் தன் கைக்கு வருகிறபடி ஒரு குழம்பு வைக்க வேண்டும்.

கொத்தனார் கிடைக்கவில்லை. கை சுத்தமான கொத்தனார்கள் எல்லாம் கேரளத்துப் பக்கம் போய்விட்டார்கள், ஊரில் இருந்தவன் சீனிமுத்து ஒருத்தன்தான். இத்தனை வருஷமும் அவன் மாமனாருக்குக் கீழே வேலை பார்த்தவன். "வை" என்று மாமனார் சொன்னால் செங்கலை வைப்பான், "எடு" என்றால் எடுப்பான். மாமனார் போன பிறகு பூசுகிற கொலுறும் மட்டம் பார்க்கிற ரசமட்டமும் இவன் கைக்கு வந்தன, "வை" என்று சொல்கிற வாய் வரவில்லை. தெருவில் யாராவது "கொத்தனாரே" என்று கூப்பிட்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பான்.

அவன் வேலைக்கு வந்த அன்றிலிருந்து சண்முகத்தாய்க்கு அலுப்புப் பிடித்தது. கல்லை வைப்பான், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பான், தூக்குக்குண்டை விட்டுப் பார்ப்பான், இரண்டும் சரி என்று சொன்ன பிறகும் அடுப்படி ஜன்னலுக்கு வந்து, "அக்கா, ஒரு எட்டு வந்து பாக்கிறியளா, சரியா இருக்கும்லா?" என்பான். அவள் போய்ப் பார்த்து, இருக்கு என்பாள். "இல்ல, கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரியலையே?" என்பான். தெரியலை என்பாள். கலவை இறுகலா இளகலா, படி அகலமா ஒடுக்கமா, இன்றைக்குத் தண்ணீர் ஊற்றவா நாளைக்கு ஊற்றவா என்று காலையில் தொடங்கினால் சாயங்காலம் கையைக் கழுவுகிறவரை கேட்டுக்கொண்டே இருப்பான். பிறந்ததிலிருந்து அவளை யாரும் ஒரு விஷயத்திலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை, மதினி ஆவுடை கேட்பாள் என்ற பேச்சே இல்லை. இப்போது ஒரு மனுஷன் வந்து மொத்தத்தையும் வட்டியோடு கேட்டுத் தீர்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கப்படுவது இவ்வளவு அசதியான காரியம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

படியெல்லாம் எழும்பி முடிந்த பிறகு கடைசிக் கணக்கு வந்தது. எல்லா ஊரிலும் உள்ள கணக்குத்தான். முதல் படியில் கால் வைத்து லாபம், அடுத்ததில் நஷ்டம், அடுத்ததில் லாபம் என்று சொல்லிக்கொண்டே ஏறினால் கடைசிக் கால் லாபத்தில் விழ வேண்டும். சீனிமுத்து சொல்லிக்கொண்டே ஏறினான், லாபத்தில் முடிந்தது. சந்தோஷமாக இறங்கினான், இறங்கும்போது ஒரு சந்தேகம். கீழே போட்டிருக்கிற தரைக்கல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா வேண்டாமா? சேர்த்தால் நஷ்டம். மேலே மாடித்தளம் ஒரு படியா, இல்லை அது தளம்தானா? அதையும் சேர்த்தால் மறுபடி லாபம், தரைக்கல்லை விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் சேர்த்தால் நஷ்டம். மாமனார் இருந்தபோது எண்ணிக்கொண்டு ஏறுகிறது அவர் வேலை, இவன் கலவைச் சட்டியோடு பின்னால் நிற்பான்.

அவன் ஊரெல்லாம் கேட்டான். தரைக்கல் சேர்த்தி என்றார் சிமெண்ட் கடைக்காரர், சேர்த்தி இல்லை என்றார் பிள்ளையார் கோயில் பூசாரி. ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரநாதன், ஏறுகிறபோது சேர்த்தி, இறங்குகிறபோது சேர்த்தி இல்லை என்று மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். மூன்று பேரும் துளிகூடச் சந்தேகம் இல்லாமல் சொன்னதுதான் அவனை ரொம்பவும் கலக்கிவிட்டது. அடிப்படியை உடைத்தான், மறுபடி வைத்தான். மேல்படியைச் செதுக்கினான், மறுபடி பூசினான். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் படியில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் கொளுத்தி, கையைக் கூப்பி அவன் அந்தப் படியிடமே சொல்வதை சண்முகத்தாய் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எனக்குத் தெரியல தாயி. என் புத்திக்கு இவ்வளவுதான் எட்டுது. லாபமா முடியணும், நீயே பாத்துச் சரி பண்ணிக்கிடு."

சூடம் அணைந்தது. ஆவுடை டிரங்குப் பெட்டியையும் ஸ்டவ்வையும் ஒரு பிள்ளையாரையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மேலே குடிபோனாள்.

படி சொன்ன பேச்சைக் கேட்டது. கீழேயிருந்து எண்ணிப் பார்த்திருக்கும், ஒன்று கூட்டினால் சரியாகும் என்று ஒன்று கூட்டிக்கொண்டது. மறுநாள் மேலேயிருந்து எண்ணிப் பார்த்தால் அது தப்பாக வந்திருக்கும், இன்னொன்று கூட்டிக்கொண்டது. கட்டினவனுக்கு இருந்த சந்தேகம் முழுவதும் அந்தக் கல்லுக்குள் இறங்கியிருந்தது, விடிகிறபோதெல்லாம் முதலில் ஒன்றாகவும் பிறகு பத்தும் நூறுமாகவும் படிகள் சேர்ந்தன. முதலில் அறிந்தவள் சண்முகத்தாய்தான். படி அடுப்படிச் சுவரை ஒட்டிப் போனதால் ஆவுடை ஏறுகிற செருப்புச் சத்தம் அவளுக்குக் கேட்கும். ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரத்தில் ஏறி முடித்தவள், பிறகு ஒரு டம்ளர் குடிக்கிற நேரம் ஏறினாள், பிறகு அரிசி களைந்து உலையில் போடுகிற நேரம், பிறகு சோறு வெந்து வடிக்கிற நேரம். ஐப்பசி மழை முடிவதற்குள், ஆவுடை காலையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறினால் மாடிக்குப் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவள் இறங்கவில்லை.

உயரம் மட்டும் மாறவேயில்லை. சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஆவுடையின் தலை எப்போதும் போலப் பக்கத்தில் தெரிந்தது, அவள் இருமினால் கேட்டது. ஏணி கொண்டுவந்து சாத்தினார்கள், சகவாச தோஷம், ஏணிக்கும் அந்தப் புத்தி வந்து அதுவும் நீண்டுகொண்டு போனது. குழாயைப் பிடித்து ஏறப்போன ஒரு இளவட்டம் சாயங்காலம் உள்ளங்கை தேய்ந்து இறங்கிவந்தான். குடம் போனது, கூடை போனது, கயிற்றில் கட்டி இழுத்தால் சாமான் எதுவானாலும் ஒரு நொடியில் போனது. ஆள்தான் போக முடியவில்லை, ஆளுக்குக் காலால் ஏறுகிற வழி ஒன்றுதான் இருந்தது. இதைப் பார்த்துவிட்டு ஓவர்சியர் சிதம்பரநாதன், படியைக் குறை சொல்லக்கூடாது, பாவம், அதுவும் சரியாக இருக்க வேண்டும் என்றுதானே பாடுபடுகிறது என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஊர் எதற்கும் பழகிவிடும். முதலில் சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்தார்கள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடந்து நாய்க்கடி வாங்குவதற்கு இது மேல் என்று விடியற்காலையில் கேன்வாஸ் ஷூவோடு ஏறத் தொடங்கினார்கள், ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் புத்தகத்தோடு வந்து ஆளுக்கொரு படியைப் பிடித்தார்கள், அங்கே காற்று இருந்தது, வீட்டார் கூப்பிடுகிற சத்தம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் படி பூஜை தொடங்கினார்கள், எத்தனை படிக்கு மஞ்சள் பூச முடிகிறதோ அத்தனை புண்ணியம். கல்யாணம் தட்டிப்போகிற பெண்ணைப் பெற்றவர்கள் நேர்ந்துகொண்டார்கள். பாதியில் ஒருவர் சுண்டல் கடை போட்டார். புருஷன் பெண்டாட்டி சண்டை முற்றினால் இரண்டு பேரையும் ஏறவிட்டார்கள், இறங்கி வரும்போது சண்டை போடத் திராணி இல்லாததால் அதற்கும் நல்ல பலன் இருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் "படிக்கட்டு வீடு" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். படியை இடித்துவிடலாமா என்று வார்டு கவுன்சிலர் ஒருமுறை வந்து கேட்டபோது, சங்கமும் பூஜைக்காரர்களும் சேர்ந்து அவருக்கு ஒரு மாலையைப் போட்டு, சுண்டல் கொடுத்து, அந்த யோசனையோடு சேர்த்தே அனுப்பிவைத்தார்கள்.

சண்முகத்தாயை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏறுமுன் ஒரு செம்பு தண்ணீர், இறங்கினதும் ஒரு செம்பு தண்ணீர் என்று மட்டும் கேட்டார்கள். முறை வைத்து வருகிற தண்ணீரை அவள் குடம் குடமாகப் பிடித்து வாசலில் வைத்தாள், காலியானதும் மறுபடி வைத்தாள். அவளுக்கு மூட்டுத் தேய்ந்து போயிருந்தது. இனிமேல் படி என்று எதையும் ஏறாதீர்கள், ஏறினாலும் இறங்கும்போது முட்டி நிற்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊரே ஏறி இறங்குகிற படிக்குப் பக்கத்தில் அவள் தரையோடு தரையாகக் காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அடுப்படி அவளுடையது. அதை இல்லை என்று சொல்ல முடியாது. புளியைக் குறைத்தாள், தேங்காயை அரைத்து ஊற்றினாள், நினைத்த நேரத்தில் தாளித்தாள், கேட்க ஆளில்லை. முதல் குழம்பு வைத்த அன்று கரண்டியால் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப்பார்த்து அவள் அழுதுவிட்டாள். அது சந்தோஷத்தில் வந்த அழுகைதான். அந்தச் சந்தோஷம் அந்த மாசம் முழுக்க நின்றது.

மேலே அரிசியும் காய்கறியும் அனுப்ப ஒரு கூடை கட்டியிருந்தார்கள். சண்முகத்தாய் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டினால் ஆவுடை இழுத்துக்கொள்வாள். ஒருநாள், மீந்துபோன குழம்பைக் கொட்ட மனசு வராமல் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கூடையில் வைத்தாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. கூடவே மேலேயிருந்து குரலும் வந்தது.

"ஏளா, புளி பத்தல."

"உங்க நாக்கு செத்துப்போச்சு மதினி" என்று சண்முகத்தாய் அண்ணாந்து சொன்னாள்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள், நடுவில் சுவரும் இல்லை சட்டியும் இல்லை. ஒரே அடுப்படியில் இரண்டடி தூரத்தில் நின்றபோது வராத பேச்சு, அரைநாள் ஏறினாலும் போய்ச் சேர முடியாத இடத்துக்கு நேராகப் போயிற்று. அதன்பிறகு தினமும் கூடை போகும்போது இரண்டு வார்த்தை போகும். கத்தரிக்காய் சொத்தை என்று மேலேயிருந்து வரும், சொத்தை இல்லாத கத்தரிக்காயை எங்கே போய்த் தேட என்று கீழேயிருந்து போகும். நல்லசிவம் செத்த திதி எது என்பதில் ஒருமுறை பெரிய வாக்குவாதமே நடந்தது, படியேறுகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதெல்லாம் பிரியம் என்று யாரும் நினைக்கவில்லை, அவர்களும் நினைக்கவில்லை.

சீனிமுத்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான். ஊர் அவனைக் கைராசிக்காரன் என்று கொண்டாடத் தொடங்கியிருந்தது, அதனால் முன்பைவிடவும் பயந்துபோயிருந்தான். தலையைத் தொங்கப்போட்டு சண்முகத்தாய் முன்னால் வந்து நின்று, நான் வேணா இன்னொரு படி கட்டட்டுமா அக்கா என்று ஒருமுறை கேட்டான். அந்த நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள். வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைத்தார்கள். கட்டினதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவன் பிறகு குழாய் வாங்கிவந்து படிக்குக் கைப்பிடி போட ஆரம்பித்தான். அவன் ஒரு குழாய் நடுவதற்குள் படி இன்னும் வளர்ந்துவிடும். அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கைப்பிடியை எங்கே நடுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, படி இருக்கிற இடத்தில் நட்டால் போதும்.

மாசி மாசம் ஒரு காலையில் சண்முகத்தாய் கூடையை வைத்துக் கயிற்றை ஆட்டினாள், கூடை எழும்பவில்லை. மறுபடி ஆட்டினாள். மதினி என்று கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, ஒன்றுமில்லை, உடம்பு கணகணவென்று இருக்கிறது என்று ஒரு குரல் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்துக்கொண்டே சொன்னது. தலை தெரியவில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. சங்கத்து ஆட்கள் கம்பவுண்டரைக் கூட்டிக்கொண்டு ஏறினார்கள். காய்ச்சல் கடுமை, ஊசி போட்டிருக்கு, பக்கத்தில் ஆள் இருந்து கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் இறங்கிவந்து சொன்னார். பூஜைக்காரப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு ஏறினார்கள். கண்டவள் கையால் குடிக்கமாட்டேன் என்று ஆவுடை உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று இளவட்டங்கள் போனார்கள். "என்னைய நாலு பேரு தூக்குறது ஒரு தடவதான், அதுக்கு இன்னும் நாள் இருக்கு, போங்கடே" என்று கிடந்த கிடையில் சொன்னாளாம். இறங்கிவந்தவர்கள் எல்லாரும் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டு சண்முகத்தாயைப் பார்த்தார்கள்.

அவளுக்கு விளங்காமல் இல்லை. ஏறினால் இறங்க முடியாது. படி நாளைக்கு இன்றைக்கு இருக்கிறதைவிடப் பெரிதாக இருக்கும், முட்டி நாளைக்கு இன்றைக்கு இருக்கிறதைவிட மோசமாக இருக்கும். அடுப்படி வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். துலக்கிக் கவிழ்த்த சட்டிகள், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அவள் அடித்த ஆணி, ஆணியில் கரண்டி. இதற்காகத்தானே இவ்வளவும் என்று நினைத்தாள். அந்தப் பெண்பிள்ளையிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்கினதில்லை, வாழவந்த நாளிலிருந்து அழவைத்தவள், அவளுக்காக ஏன் என்றும் நினைத்தாள். கோபமாகத்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே நொய்யரிசியைக் களைந்து உலையில் போட்டு, பருப்புத் துவையல் அரைத்து, கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

நடைக்காரர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். அவள் ஒரு படி ஏறினாள், நின்றாள், ஒரு படி ஏறினாள், நின்றாள். படித்துக்கொண்டிருந்த பையன்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள், அடுத்த படியில் இருந்தவர்களும் மடக்கினார்கள், மஞ்சள் பூசிய படிகள் முடிந்து குங்குமம் மட்டும் வைத்த படிகள் வந்தன, அதுவும் முடிந்து வெறும் சிமெண்ட் வந்தது. சுண்டல்காரர் ஒரு பொட்டலம் நீட்டினார், வாங்கிக்கொள்ளக் கை இல்லை, ஒரு கையில் கஞ்சி, ஒரு கையில் கைப்பிடி. வெயில் ஏறியது. சந்தில் பார்த்தால் தலைக்கு மேலே தெரிகிற மாடி, ஏற ஏற அதே இடத்திலேயே நின்றது. முட்டிக்குள் உமியை வைத்துத் தேய்த்ததுபோல எரிந்தது. அவள் நல்லசிவத்தைத் திட்டினாள், கூட்டிப்போக வராத மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டினாள், ஆவுடையைத் திட்டினாள், திட்டுவதற்கும் மூச்சு வேண்டியிருந்ததால் அதை நிறுத்திவிட்டு ஏறினாள். கொஞ்ச நேரத்தில் ஏறுவது மட்டும்தான் இருந்தது, ஏறுகிறவள் இருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு இடத்தில் கைப்பிடி முடிந்தது. அங்கே சீனிமுத்து உட்கார்ந்து குழாய்க்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, உளியைக் கீழே போட்டான்.

"அக்கா, நான் முன்னால போகட்டுமா பின்னால வரட்டுமா?" என்று கேட்டான்.

"பின்னால வா. விழுந்தா பிடிச்சுக்கிடு."

"பிடிச்சிருவேனான்னுதான்…"

"பிடிப்பே" என்று அவள் சொன்னாள். "வா."

அவன் மறுபேச்சு பேசாமல் பின்னால் வந்தான். இரண்டு இடத்தில் அவள் சாய்ந்தாள். இரண்டு இடத்திலும் அவன் கை இருந்தது.

தெருவில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு அவள் மாடியில் கால் வைத்தாள். அறைக்குள் ஆவுடை பாயில் கிடந்தாள். இவ்வளவு நாளும் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை மட்டும் பார்த்துப் பார்த்து, அவள் இத்தனை சின்ன உடம்புக்காரி என்பதையே சண்முகத்தாய் மறந்திருந்தாள். குனிந்து உட்கார முடியவில்லை, சுவரைப் பிடித்துச் சரிந்து, அப்படியே பாயோரத்தில் விழுந்தாற்போல உட்கார்ந்தாள். ஆவுடை கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"எதுக்குளா வந்தே? உன்னாலதான் எறங்க முடியாதே."

"தெரிஞ்சுதான் வந்தேன்."

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சண்முகத்தாய் அவள் தலையைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டு கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள், ஆவுடை உதட்டை இறுக்காமல் குடித்தாள், பாதியில் நிறுத்தி, உப்பு பத்தல என்றாள், மீதியையும் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டபோது சண்முகத்தாய்க்கு அழுகை வந்தது. முட்டி வலி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

சீனிமுத்து நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தான். நான் எறங்கட்டுமாக்கா என்று கேட்டான்.

"எறங்கு. நாளைக்கு அடுப்படியில இருக்கிற அரிசி பருப்பு சட்டி பெட்டி எல்லாத்தையும் எடுத்துக் கூடையில வச்சு அனுப்பு. வாசல்ல ஊருக்குத் தண்ணி வைக்கிறத பூஜைக்காரவுகள பாத்துக்கிடச் சொல்லு. வீட்டப் பூட்டிரு."

"பூட்டிரட்டுமா?" என்றான்.

"பூட்டிரு."

அவன் போன பிறகு அறையில் இரண்டு பேரும் மட்டும் இருந்தார்கள். பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க நடுவில் யாரும் இல்லை, கூப்பிட்டுச் சொல்லத் தூரமும் இல்லை. கீழே கடைசியாக இறங்குகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. ஆவுடை கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"இங்க ஒரு அடுப்புத்தான் இருக்கு" என்றாள்.

"ஒண்ணு போதும் மதினி."

ஆவுடை கையை ஊன்றி, முனகிக்கொண்டே, பாயில் பாதி இடம் விட்டுச் சுவரோரமாகத் தள்ளிப் படுத்தாள்.